கணினிப் படம் விற்கவா? முதலில் வங்கிக்குப் போங்கள்

படம் செய்வது எப்படி என்று இதில் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். போனை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலத்தில் இருபது படம் செய்கிற பிள்ளைகள் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் தடக்கி விழுவது வேறோர் இடத்தில். படம் விற்றிருக்கும், கணக்கில் டொலர் தெரியும், ஆனால் கைக்கு வராது. அதனால் நான் எப்போதும் தலைகீழாகத்தான் சொல்லிக்கொடுப்பேன். முதலில் காசு வரும் வழி, பிறகு கடை, கடைசியில் படம்.

பெயரைச் சரிசெய்தல்

இலங்கையில் பேபால் கணக்குத் திறக்கலாம். ஆனால் பல ஆண்டுகளாக அது காசு கட்டுவதற்கே உதவிவந்தது, வாங்குவதற்கு அல்ல. ஸ்ட்ரைப் இங்கே இல்லை. ஆகவே வெளிநாட்டுத் தளங்களில் விற்கிற நம்மவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்வது பேயோனியர் என்ற பணச் சேவையில். அதில் கணக்குத் திறக்கப் பத்து நிமிடம் போதும். நீங்கள் நீங்கள்தான் என்று அது ஒப்புக்கொள்ளத்தான் பத்து நாளும் ஆகும், சிலருக்கு ஆறு மாதமும் ஆகும். எல்லாம் நம்முடைய பெயரால் வருகிற வினை.

உங்கள் பழைய லேமினேட் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ஆங்கிலத்தில் பெயரே இல்லை. வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, பின்னால் உங்கள் பெயர் இருக்கும். கடவுச்சீட்டு எடுத்திருந்தால் அதில் தகப்பன் பெயர் முழுதாக, குடும்பப் பெயர் என்ற இடத்தில் குந்தியிருக்கும். பாடசாலைச் சான்றிதழில் 'த' என்ற எழுத்துக்கு ஆங்கிலத்தில் 'டி எச்' போட்டிருப்பார்கள், வங்கியில் வெறும் 'டி'. நமக்கு இவை எல்லாம் ஒரே ஆள். தளத்தில் இருந்து சரிபார்க்கிறவருக்கு இவர்கள் நான்கு பேர்.

செய்ய வேண்டியது இதுதான். ஆங்கிலத்தில் பெயர் உள்ள ஒரே ஓர் ஆவணத்தை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு உத்தமம். வன்னியில் இருப்பவர்களுக்கு வவுனியாவிலேயே குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருப்பதால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. கடவுச்சீட்டு இல்லாதவர்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தையோ, மூன்று மொழியிலும் பெயர் உள்ள புதிய அடையாள அட்டையையோ வைக்கலாம். அந்த ஆவணத்தில் பெயர் எந்த ஒழுங்கில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ, அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். 'முதற்பெயர்' என்று கேட்டால் உங்கள் பெயர். 'கடைசிப் பெயர்' என்று கேட்டால் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உள்ளது. உங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பது எனக்கும் தெரியும். அதைப் படிவத்தோடு வாதாடி வெல்ல முடியாது.

அதன் பிறகு வங்கிக்குப் போங்கள். தலைப்பெழுத்தோடு உள்ள பழைய சேமிப்புக் கணக்கைத் திருத்திக்கொண்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். மூல ஆவணத்தில் உள்ளபடி முழுப்பெயரில் புதுக் கணக்கொன்று திறந்துவிடுங்கள். கருமபீடத்தில் இருப்பவர் பழக்கதோஷத்தில் பெயரைச் சுருக்கி அடிப்பார். அடிக்கும்போதே கண்ணை வைத்திருங்கள். சாதாரண ரூபாக் கணக்கே தொடங்கப் போதும். டொலராகவே வைத்திருக்க விரும்புகிறவர்கள் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்குப் பற்றி அங்கேயே கேட்கலாம். வெளியே வரும்போது, முழுப்பெயரும் முகவரியும் ஆங்கிலத்தில் உள்ள கணக்குக் கூற்று ஒன்றையும் வாங்கிவாருங்கள். முகவரிக்குச் சான்று கேட்டால் அது உதவும். வீட்டு இலக்கம் இல்லாமல் 'பிள்ளையார் கோயிலடி' என்று முடிகிற முகவரியும் செல்லும். ஆனால் வங்கியில் எழுதியதையே எழுத்து மாறாமல் தளத்திலும் எழுத வேண்டும்.

இப்போது யாராவது கேட்பீர்கள், ஸ்காபுரோவில் சித்தப்பா இருக்கிறார், அவருடைய பேபாலைக் கொடுத்தால் என்ன? கொடுக்காதீர்கள். கணக்கு உங்கள் பெயரில், காசு போவது அவர் பெயரில் என்றால் தளம் முடக்கும். முடக்காவிட்டாலும் அங்கே அது அவருடைய வருமானமாகத் தெரியும். வரி அவர் தலையில் விழும். மூன்றாவது மாதம் சித்தி கணக்குக் கேட்பார். நூறு டொலருக்காகச் சொந்தம் முறிந்த கதை எனக்குத் தெரிந்தே இரண்டு உண்டு.

பேயோனியர் பற்றி இன்னொன்று. ஆண்டு முழுக்க மிகக் குறைவாகவே பணம் வருகிற கணக்கில் ஆண்டுக் கட்டணம் என்று வெட்டும் வழக்கம் அவர்களிடம் உண்டு. திறக்கும் நாளிலேயே கட்டணப் பட்டியலை வாசித்துவிடுங்கள். படம் விற்கும் அறிகுறி தெரியும் முன்னரே திறந்து வைப்பதில் பயனில்லை. ஆவணங்களைத் தயாராக வைத்திருங்கள், போதும்.

எந்தக் கடை

கணினிப் படம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வகை. ஒன்று, சொல்லைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு வரைந்து தருவது. மற்றது, நீங்களே விதி எழுதிக் கணினியை வரையவைப்பது. இரண்டாவது வகைக்குத் தமிழில் பழைய சொந்தம் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதி 1974இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போடுகிற உங்கள் அம்மாவின் கைக்கு ஒரு நிரல் எழுதுவதென்றால் இன்றைக்கு இலவசமான பி5 ஜேஎஸ் போதும். என்னைக் கேட்டால் இந்த வகையைத்தான் சொல்வேன். ஏன் என்பது உரிமை பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

முதல் வகைப் படத்தை எல்லாக் கடையும் வாங்காது. கெட்டி இமேஜஸ் 2022 செப்டெம்பரிலேயே கதவைச் சாத்திவிட்டது. ஷட்டர்ஸ்டொக் பங்களிப்பாளர்களிடம் இருந்து அதை ஏற்பதில்லை. அடோபி ஸ்டொக் ஏற்கிறது, ஆனால் செயற்கை நுண்ணறிவால் செய்தது என்ற பெட்டியில் சரி போட வேண்டும். போடாமல் மறைத்தால் என்ன என்று சிலர் யோசிக்கிறார்கள். பிடிபட்டால் படம் மட்டும் போகாது, கணக்கே போகும். தலைப்பிலும் குறிச்சொல்லிலும் எந்த ஓவியரின் பெயரும், சினிமாக்காரரின் பெயரும் வரக்கூடாது. குறிச்சொற்கள் ஆங்கிலத்தில்தான். தைப்பொங்கல் படத்தை மார்கழியில் ஏற்றுகிறவர்கள் அதற்கடுத்த ஆண்டுக்காக ஏற்றுகிறார்கள். பத்திரிகைக்காரரும் விளம்பரக்காரரும் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே தேடிவிடுவார்கள்.

இந்த வகைத் தளத்தில் ஒரு படத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில பத்துச் சதங்கள். அடோபியில் குறைந்தது 25 டொலர் சேர வேண்டும், முதல் விற்பனையில் இருந்து 45 நாளும் போக வேண்டும். அதன் பிறகுதான் எடுக்கலாம். அமெரிக்க வரிப் படிவம் ஒன்று, டபிள்யூ-8 பென் என்பார்கள், கட்டாயம் நிரப்புங்கள். விட்டால் அமெரிக்காவில் விற்ற பங்கில் 30 சதவீதம் வரை பிடிப்பார்கள். நிரப்பினால் இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின்படி குறையும். அதிலும் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல்.

சரி, உண்மையான காசு எங்கே? புலம்பெயர்ந்தவர்களிடம். கனடாவிலும் சுவிஸிலும் இலண்டனிலும் இருக்கிறவர்களுக்குச் சாமத்திய வீட்டுப் பின்திரை வேண்டும், கோயில் திருவிழா அழைப்பிதழ் வேண்டும், 31ஆம் நாளுக்குக் கல்வெட்டின் அட்டை வேண்டும், ஊரை நினைத்துச் சுவரில் மாட்டப் படம் வேண்டும். இங்கே ஃபைவர் போன்ற தளம் தேவையில்லை. அது ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். தெரிந்தவர் மூலம் வருகிற வேலைக்கு நேரே வங்கிக்கே அனுப்பச் சொல்லலாம். என் விதி: பாதிக் காசு முன்னால், திருத்தம் இரண்டே தரம், மூன்றாவது திருத்தத்துக்குத் தனிக் காசு. இதை வேலை தொடங்கும் முன்னரே வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட வேண்டும். மாமா, அண்ணா என்று கூப்பிடுகிற உறவானாலும் எழுதித்தான் ஆக வேண்டும். முக்கியமாக அவர்களுக்கு.

தென்னையும் பனையும்

செயற்கை நுண்ணறிவிடம் 'வன்னிக் கிராமம்' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தென்னந்தோப்பு வரும், கேரளத்து ஓட்டு வீடு வரும், பெண்கள் பொட்டும் பட்டுமாகக் குடம் சுமப்பார்கள். பனை கேட்டால் பேரீச்சை வரும். வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலைக் கேட்டால் வடநாட்டு அம்மன் வருவார். அங்கே கடல்நீரில் விளக்கெரிப்பது வழக்கம் என்று கணினிக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? இரணைமடுக் குளக்கட்டின் நிறம், கோடையில் நந்திக்கடல் வற்றிய பின் கிடக்கிற சேறு, கிடுகு வேலியில் காய்கிற சாரம், இவை உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவருக்கும் தெரியும். அவர் காசு கொடுப்பது இதற்குத்தான்.

ஆகவே வெறும் சொல்லை மட்டும் கொடுக்காதீர்கள். நீங்களே எடுத்த ஒளிப்படத்தை, அல்லது கையால் கீறிய கோட்டுப்படத்தை அடிப்படையாகக் கொடுங்கள். வந்ததில் பிழையை அழித்து மேலே வரையுங்கள். பனை ஓலையின் விசிறியைக் கையால் போடுங்கள்.

தமிழ் எழுத்தை ஒருபோதும் கணினிப் படத்துக்குள் எழுதவைக்காதீர்கள். 'ழ' வரவேண்டிய இடத்தில் தேள் மாதிரி ஒன்று வந்து நிற்கலாம். படத்தை எழுத்தில்லாமல் எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தனியே எழுத்தைப் போடுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிவிடுங்கள். நீங்கள் யுனிகோட்டில் எழுதியிருப்பீர்கள், அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் பழகியவர் இருப்பார். மாற்றாமல் கொடுத்தால் திருவிழாப் பதாகையில் அம்மன் பெயர் சதுரப் பெட்டிகளாக நிற்கும்.

அளவு: ஏ3 தாளில் தெளிவாக அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது ஏறத்தாழ 3508க்கு 4961. கணினி தருகிற 1024க்கு 1024 படம் அந்தத் தெளிவில் உள்ளங்கை அளவுதான் வரும். அப்ஸ்கேல் என்ற இலவச மென்பொருளால் பெருப்பிக்கலாம். பெருப்பித்த பின் கண்ணையும் விரலையும் கட்டாயம் பாருங்கள். தூர நின்று பார்க்கிற பெரிய பதாகைக்கு இவ்வளவு தேவையில்லை.

பழைய முகங்கள்

வன்னியில் இந்த வேலை செய்யத் தொடங்கினால் யாராவது ஒருவர் கட்டாயம் ஒரு படத்தைக் கொண்டுவருவார். 2009இல் இடம்பெயர்ந்த வழியில் அல்பம் தப்பிய வீடு குறைவு. மிஞ்சியது ஓர் அடையாள அட்டைப் பிரதி, அல்லது குழுப் படத்தில் பாதி முகம். அதைத் தெளிவாக்கிப் பெரிதாக்கித் தரக் கேட்பார்கள்.

கணினி தெளிவாக்குவதில்லை, இல்லாததை இட்டுநிரப்புகிறது. மூக்கை நேராக்கும், கன்னத்து மருவை அழுக்கென்று துடைக்கும், தோலை வெளுப்பாக்கும். நான் முதன்முதலாகச் செய்துகொடுத்த படத்தை ஒரு தாய் வெகுநேரம் பார்த்தார். "வடிவா இருக்கு தம்பி, ஆனா இது என்ர பிள்ளை இல்லை" என்றார். அதில் இருந்து என் வழக்கம் இது: முகத்தில் கீறலையும் கறையையும் மட்டும் கையால் எடுப்பேன். கணினியைப் பின்னணிக்கும் சட்டைக்கும் மட்டும் விடுவேன். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, வீட்டில் இரண்டு பேர் ஆமென்று சொன்ன பிறகே அச்சிடுவேன். அந்தப் படத்தை மாதிரி என்று முகநூலில் போட மாட்டேன். காசும் குறைவாகத்தான் வாங்குவேன், ஆனால் வாங்காமல் விடமாட்டேன். இலவசம் என்றால் திருத்தம் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

உரிமை, வரி, மற்றவை

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் ஆக்கியோன் என்று சொல்வது படைப்பைச் செய்த மனிதரை. அமெரிக்க நீதிமன்றங்களும் தேலர் வழக்கில் 2023இலும் மேன்முறையீட்டில் 2025இலும், மனிதர் கைபடாத படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்றே சொல்லின. அதாவது வெறும் சொல்லால் எடுத்த படத்தை யாராவது எடுத்துத் தேநீர்க் கோப்பையில் அச்சிட்டு விற்றால் நீங்கள் சத்தம் போட மட்டும்தான் முடியும். நீங்கள் எழுதிய கோல நிரல், கீறிய கோடு, மேலே வரைந்த பனை என்றால் உங்கள் நிலை எவ்வளவோ உறுதி. அதனால் மூலக் கோட்டுப்படம், இடைப்பட்ட கோப்புகள், நிரல் எல்லாவற்றையும் திகதியோடு சேமித்து வையுங்கள்.

என்எப்டி என்ற மெய்நிகர் உரிமைச் சான்றாக விற்கலாமா? 2021 மார்ச்சில் ஒரு கோப்பு 6 கோடியே 90 லட்சம் டொலருக்குப் போனதை எல்லாரும் கேள்விப்பட்டோம். அந்தச் சந்தை பிறகு படுத்துவிட்டது. மெய்நிகர் நாணயம் பற்றி நமது மத்திய வங்கியும் பலமுறை எச்சரித்திருக்கிறது. அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

வரி இலக்கத்தைப் பதிந்துவிடுங்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 லட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கு உண்டு, ஆகவே தொடக்கத்தில் கட்ட ஒன்றும் இராது. வந்த காசை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, எந்தப் படம், டொலர் எவ்வளவு, ரூபா எவ்வளவு.

கடைசியாக, சிம். எல்லாக் கணக்கின் உறுதிப்படுத்தும் குறியீடும் உங்கள் போனுக்கே வரும். சலுகைக்காக மாதத்துக்கொரு சிம் மாற்றுகிற ஆளென்றால், சொந்த அடையாள அட்டையில் பதிந்த ஒரு சிம்மை இதற்கென்று ஒதுக்கி, இடைக்கிடை ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருங்கள்.