பழைய பாக்கி யாருடையது?

சொந்த ஊரில் இருக்கும்வரை பலருக்கு வாடகை வீடு பழக்கம் இல்லை. வேலை தேடி நகரத்துக்கு வந்த பிறகுதான் வாடகைக்குக் குடியேறுகிறோம். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று கேட்கிறோம். தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறோம். மின் கட்டணத்தைப் பற்றி மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

ஒரு கொத்தனாரின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள். முதல் முறையாக வாடகை வீட்டுக்கு வந்தார்கள். சில நாளில் வீட்டு வாசலில் ஒரு தாள் கிடந்தது. அதில் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. "நம் பெயர் இல்லை. நமக்கு வந்தது இல்லை" என்று அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து மின்வாரிய ஊழியர் வந்தார். மின் இணைப்பைத் துண்டித்தார். மகளுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தாள்.

அந்தப் பாக்கி இவர்கள் வைத்தது அல்ல. முன்பு குடியிருந்தவர்கள் கட்டாமல் போனது. ஆனால் இருட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான். அலமாரியில் வைத்த தாள்தான் மின்வாரியம் அனுப்பிய நோட்டீஸ்.

பாக்கி எங்கே நிற்கிறது?

வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று மின்வாரியம் பார்ப்பதில்லை. இணைப்பு எண்ணைத்தான் பார்க்கிறது. குடியிருப்பவர் மாறலாம். இணைப்பு எண் மாறாது. பாக்கி அந்த எண்ணிலேயே நிற்கும்.

வீட்டை விலைக்கு வாங்குகிறவருக்கும் இந்தத் தொல்லை உண்டு. மின் வழங்கும் விதியில் இடம் இருந்தால், பழைய உரிமையாளரின் பாக்கியைப் புதிய உரிமையாளரிடம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு தீர்ப்புக் கூறியது. ஆகவே பெயரைப் பார்த்துத் தாளை ஒதுக்கக் கூடாது. இணைப்பு எண்ணைப் பார்க்க வேண்டும்.

குடிபோகும் நாளில்

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

"ஐயா, இந்த வீட்டு மீட்டர் எது? கடைசியாகக் கட்டிய கரண்ட் பில் ரசீதைக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

பிறகு மீட்டரில் உள்ள எண்ணைக் குறிக்க வேண்டும். தேதியும் எழுத வேண்டும். அதன் கீழே வீட்டுக்காரரின் கையெழுத்தை வாங்கலாம். செல்போனில் படம் எடுத்தும் வைக்கலாம்.

இந்த ஒரு எண் எப்படி உதவும்? ஒரு கணக்குப் போடுவோம்.

கடைசி பில்லில் மீட்டர் எண்: 4,050
குடிவந்த நாளில்: 4,210
அடுத்த முறை கணக்கு எடுத்தபோது: 4,330

மொத்தச் செலவு 280 யூனிட். இதில் குடிவருவதற்கு முன்பே 160 யூனிட் ஓடிவிட்டது. புதிதாக வந்தவர்கள் செலவு செய்தது 120 யூனிட்தான். பில் 1,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் கணக்கில் பிரித்தால் புதியவர்கள் பங்கு 600 ரூபாய். மீதி 800 ரூபாய் அவர்களைச் சேராது. குடிவந்த நாளில் எண்ணைக் குறிக்காவிட்டால் இந்த 800 ரூபாயும் அவர்கள் தலையில் விழும்.

பில் எப்போது வரும்?

இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கர்நாடகத்தில் மாதம் ஒருமுறை பில் வரும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். சில ஊர்களில் முன்பணம் கட்டும் மீட்டர் வந்துள்ளது. அங்கே மீதித் தொகையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

பில் கைக்கு வந்ததும் நான்கு இடங்களைப் படிக்க வேண்டும். அவை இணைப்பு எண், செலவான யூனிட், பழைய பாக்கி, கடைசித் தேதி. கடைசித் தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைக்கலாம். பில்லில் வீட்டுக்காரரின் செல்போன் எண் இருந்தால் செய்தி அவருக்குத்தான் போகும். அதை நமக்குச் சொல்லும்படி அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்க் கட்டணத்தையும் யார் கட்டுவது என்று முதலிலேயே பேசி, வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்சாரச் சட்டம் 2003ஆம் ஆண்டு வந்தது. அதன் 56ஆவது பிரிவு மின் துண்டிப்பைப் பற்றியது.

பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அதில் முழுதாக 15 நாள் அவகாசம் இருக்க வேண்டும்.

பில் தொகை தவறு என்று தோன்றினால், ஆட்சேபம் தெரிவித்துப் பணம் கட்டலாம். கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கணக்கில் வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். வழக்கு முடியும்வரை துண்டிக்கக் கூடாது.

இரண்டு ஆண்டுக்கு முந்திய பாக்கி, பில்களில் தொடர்ந்து காட்டப்படாமல் இருந்தால், அதற்காகவும் துண்டிக்கக் கூடாது.

முறையிட நுகர்வோர் குறைதீர் மன்றம் உண்டு. அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மின்சாரப் புகாருக்கான தொலைபேசி எண் 1912.

"இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்" என்று சிலருக்குச் செல்போனில் செய்தி வருகிறது. இது ஏமாற்று வேலை. 15 நாள் விதி தெரிந்தவர் பயப்பட மாட்டார். அந்த எண்ணுக்குப் பேசாமல் மின்வாரிய அலுவலகத்துக்கு நேரில் போய் விசாரிப்பார்.

மறந்த பாக்கி தெரியவந்தால்

ஒளிக்கக் கூடாது. தள்ளிப்போடவும் கூடாது. தாமதம் ஆனால் அபராதம் ஏறும். துண்டித்த பின் மறுபடி இணைக்கவும் தனிக் கட்டணம் உண்டு.

முதலில் எந்த மாதப் பாக்கி என்று பார்க்க வேண்டும். நம் காலத்துப் பாக்கி என்றால் கட்டிவிட வேண்டும். பழைய பாக்கி என்றால் வீட்டுக்காரரிடம் நோட்டீசைக் காட்ட வேண்டும். அவசரத்துக்கு நாமே கட்டினால், வாடகையில் கழித்துக்கொள்வதாக அவரிடம் எழுதி வாங்க வேண்டும். ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

வீட்டைக் காலி செய்யும்போதும் மீட்டர் எண்ணைக் குறித்து, கணக்கை முடித்துவிட்டுப் போக வேண்டும். அடுத்து வரும் குடும்பத்திலும் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டு மீட்டரில் இன்று உள்ள எண் என்ன? தேதியுடன் எழுதுக.
2. உங்கள் மின் இணைப்பு எண்ணை எழுதுக.
3. குடிவந்த நாளில் மீட்டர் எண் 1,520. கணக்கு எடுத்த நாளில் 1,615. செலவான யூனிட் எவ்வளவு?
4. வீட்டுக்காரர் பெயரில் வரும் நோட்டீசை நாம் ஏன் படிக்க வேண்டும்? குழுவில் பேசுக.