பட்டறையா, கல்லூரியா?

1. முக்காலி

அந்தமானில் டாலிகஞ்ச் என்ற பகுதி உள்ளது. போர்ட் பிளேர் நகரத்தை ஒட்டியது. அந்த நகரத்திற்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.

டாலிகஞ்சில் ஒரு தச்சர் வீடு இருப்பதாக நினைத்துக் கொள்வோம். அப்பா தச்சர். அம்மா முதியோர் கல்வி வகுப்பில் படிக்கக் கற்றவர். மகள் 12-ஆம் வகுப்பு படிக்கிறாள்.

வீட்டுக்குப் பின்னால் பட்டறை. அப்பா படாக் மரத்தில் வேலை செய்வார். படாக் அந்தமான் காட்டு மரம். சிவப்பு நிறம். நல்ல உறுதி. அதில் அவர் செய்யும் முக்காலி அழகாக இருக்கும்.

சுற்றுலா வந்த ஒருவர் முக்காலியைத் தடவித் தடவிப் பார்த்தார். விலையும் கேட்டார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

"அருமையாக இருக்கிறது. ஆனால் விமானத்தில் எப்படி எடுத்துப் போவது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிப் பலர் வந்து போனார்கள். மகள் இதைக் கவனித்தாள். ஒரு நாள் நோட்டில் படம் வரைந்தாள்.

"அப்பா, மூன்று காலும் தனித்தனியாகக் கழலணும். பலகையோடு சேர்த்துக் கட்டினால் பைக்குள் அடங்கும். வீட்டுக்குப் போய் மாட்டிக் கொள்ளலாம்" என்றாள்.

அப்பா படத்தை வெகு நேரம் பார்த்தார்.

"நல்ல யோசனைதான் கண்ணு. ஆனால் இந்த இடத்தில் கால் உடைஞ்சிடும். மரத்தின் நார் போகும் திசையைப் பார். நார் குறுக்கே வந்தால் மரம் பிளக்கும். காலை இந்தப் பக்கமாக அறுக்கணும்" என்றார்.

மகள் திருத்தி வரைந்தாள். அப்பா செய்தார். கழற்றி மாட்டும் முக்காலி நன்றாக நின்றது. முதல் மாதமே நான்கு விற்றன.

பள்ளி ஆசிரியை அந்த முக்காலியைப் பார்த்தார்.

"நீ செய்தது டிசைன். தமிழில் வடிவமைப்பு என்று சொல்வார்கள். இதற்கென்றே கல்லூரி இருக்கிறது. நீ விண்ணப்பம் போடலாமே" என்றார்.

அன்று இரவு வீட்டில் பேச்சு ஆரம்பமானது.

2. சொம்பைச் செய்தது யார்?

அப்பாவுக்கு மனம் வருந்தியது.

"முப்பது வருஷமாக நான் செய்வது என்ன? அதற்குப் பெயர் டிசைன் இல்லையா? இதைப் படிக்க நாலு வருஷம் வேணுமா?" என்று கேட்டார்.

இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் ஒரு பழைய செய்தியில் இருக்கிறது.

1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் இந்தியா வந்தார்கள். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்பது அவர்கள் பெயர். நாற்காலி, மேசை வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றவர்கள். நம் நாட்டில் வடிவமைப்பைக் கற்பிப்பது எப்படி என்று இந்திய அரசு அவர்களிடம் யோசனை கேட்டது.

அவர்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள். பல பொருள்களைப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அவர்கள் மிகவும் வியந்து பாராட்டியது எது தெரியுமா? நம் வீட்டுச் சொம்பு!

சொம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்து குறுகி இருக்கிறது. அதனால் கை வழுக்காது. வாய் விரிந்து இருக்கிறது. அதனால் தண்ணீர் ஒழுங்காக ஊற்றும். உள்ளே கை விட்டுத் தேய்க்கலாம். நிறைந்த சொம்பைத் தூக்கினாலும் பாரம் ஒரு பக்கமாகச் சாயாது.

இதைச் செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஒருவர் செய்ததும் இல்லை. பல தலைமுறைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திச் செய்தது. அவர்கள் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை.

ஆகவே அப்பா செய்வதும் வடிவமைப்புதான். அதில் சந்தேகம் இல்லை.

"அப்படியானால் கல்லூரி எதற்கு?" என்று அப்பா மறுபடியும் கேட்டார்.

3. கல்லூரி என்ன தரும்?

ஈம்ஸ் தம்பதியர் தந்த அறிக்கையை ஒட்டி 1961-ஆம் ஆண்டில் குஜராத்தின் அகமதாபாத் நகரில் தேசிய வடிவமைப்புக் கழகம் தொடங்கியது. அங்கே மரச் சாமான், துணி, மண்பாண்டம், எழுத்து, படம் என்று பல பிரிவுகள் உள்ளன. 12-ஆம் வகுப்பில் எந்தப் பாடம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வு உண்டு. பட்டப் படிப்பு 4 ஆண்டுகள்.

சில ஐ.ஐ.டி.களிலும் இந்தப் படிப்பு உண்டு. அதற்கு யூசீட் என்ற தேர்வு எழுத வேண்டும். ஆடை வடிவமைப்புக்கு நிஃப்ட் என்ற நிறுவனம் 1986-இல் தொடங்கியது. அதன் சென்னைக் கிளை 1995-இல் வந்தது.

இந்தக் கல்லூரிகள் கைத்திறனை மட்டும் கற்பிப்பதில்லை. ஒரு பொருளைப் பயன்படுத்துபவரிடம் போய்க் கேட்கக் கற்பிக்கும். அளவு போட்டு வரையக் கற்பிக்கும். மரம் தவிர மூங்கில், உலோகம், துணி, பிளாஸ்டிக் என்று பல பொருள்களில் வேலை செய்யப் பழக்கும். ஒரு பட்டறையில் கிடைக்காத கருவிகள் அங்கே இருக்கும். பல மாநிலத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து வேலை செய்யலாம்.

நாம் தினமும் பார்க்கும் ரூபாய்க் குறியை எடுத்துக் கொள்வோம். அதை வடிவமைத்தவர் உதயகுமார். தமிழ்நாட்டுக்காரர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்தார். பிறகு மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பு படித்தார். தமிழ் எழுத்துகளின் வடிவத்தை ஆராய்ந்தார். அவர் வரைந்த குறியை மத்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அவருக்குப் படிப்பு கை கொடுத்தது.

இன்னொருவர் வழி வேறு. கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் திருவள்ளுவர் சிலை நிற்கிறது. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் வை. கணபதி ஸ்தபதி. அவர் சிற்பிகள் பரம்பரையில் வந்தவர். குடும்பத்திலேயே தொழில் கற்றார். கல்லூரியிலும் படித்தார். 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசு சிற்பப் பள்ளிக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார். பட்டறை அறிவை அவர் பள்ளிப் பாடமாக்கினார்.

அப்பா இதைக் கேட்டார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

4. தகரக் கொட்டகை

அடுத்த நாள் பட்டறையில் அப்பாவே பேச்சை எடுத்தார்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நிக்கோபார் தீவுகளில் ஊர் ஊராக அழிந்தது. மறு ஆண்டு அப்பா கார் நிக்கோபாருக்கு வேலைக்குப் போயிருந்தார்.

நிக்கோபார் மக்களின் பழைய வீடு தூண்கள் மேல் நிற்கும். புல் வேய்ந்த கூரை தேன்கூடு போல உருண்டையாக இருக்கும். ஏணி வைத்து மேலே ஏற வேண்டும். காற்று கீழேயும் போகும், உள்ளேயும் வரும். வெயில் காலத்திலும் உள்ளே குளுமையாக இருக்கும்.

வீடு இழந்தவர்களுக்கு அவசரமாகத் தற்காலிகக் கொட்டகைகள் போட்டார்கள். தகரத்தில் போட்டார்கள். மழைக்கு ஒதுங்க இடம் கிடைத்தது. ஆனால் பகலில் தகரம் கொதித்தது.

"உள்ளே உட்கார முடியாது கண்ணு. ஜனங்க மரத்தடியில்தான் இருந்தாங்க. அந்தக் கொட்டகையை வரைஞ்சவர் இந்த ஊர் வெயிலில் இருந்து பார்க்கலை" என்றார் அப்பா.

மகள் மெதுவாகக் கேட்டாள்: "வெயிலில் இருந்து பார்த்தவங்களுக்கு வரையத் தெரிஞ்சிருந்தால் என்னப்பா ஆகியிருக்கும்?"

அப்பா கையில் இருந்த உளியைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்தது. வரைபடம் போடுகிற மேசையில் தீவுக்காரர் ஒருவராவது உட்கார வேண்டும். அங்கே உட்காரப் பட்டம் கேட்கிறார்கள். பட்டறைத் திறமை எவ்வளவு இருந்தாலும் அந்த அறைக் கதவு தானாகத் திறப்பதில்லை.

5. அம்மாவின் நோட்டு

அம்மா உணர்ச்சி வசப்படவில்லை. நோட்டை எடுத்தார். நான்கு கேள்விகள் எழுதினார்.

முதல் கேள்வி: நீ என்ன வேலை செய்ய விரும்புகிறாய்?

"அப்பாவைப் போல நல்ல முக்காலி செய்வது மட்டும் என்றால் இங்கேயே கற்கலாம். எனக்கு வீடு, பள்ளிக்கூடப் பெஞ்சு, படகு இருக்கை எல்லாம் வடிவமைக்க ஆசை" என்றாள் மகள்.

இரண்டாம் கேள்வி: அதை இங்கேயே படிக்க முடியுமா?

தீவிலேயே தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. பஹார்காவில் டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. ஆனால் அது பொறியியல் கல்லூரி. இரண்டு இடத்திலும் என்னென்ன பிரிவுகள் உள்ளன என்று நேரில் போய்க் கேட்டு வருவது என்று முடிவு செய்தார்கள்.

மூன்றாம் கேள்வி: எவ்வளவு செலவு?

இதுதான் கடினமான கேள்வி. சென்னைக்குக் கடல் வழி சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் ஆகும். அங்கிருந்து அகமதாபாத்துக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். கட்டணம், விடுதி எல்லாம் சேர்ந்து நான்கு ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும்.

அம்மா வங்கிக்குப் போனார். கல்விக் கடன் பற்றி விசாரித்தார். பொதுவாக ஏழரை லட்சம் ரூபாய் வரை வீடு, நிலம் அடமானம் கேட்பதில்லை என்று தெரிந்து கொண்டார். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை கட்டத் தொடங்கலாம்.

"வட்டி எப்போதிருந்து ஏறும்?" என்று அம்மா கேட்டார்.

கடன் வாங்கிய நாளிலிருந்தே ஏறும் என்றார் அதிகாரி. இந்தக் கேள்வியைக் கேட்காமல் பலர் கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவித் தொகை உண்டு. அதை முதலில் கேட்க வேண்டும். மீதிக்குத்தான் கடன் வாங்க வேண்டும்.

நான்காம் கேள்வி: இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

நுழைவுத் தேர்வில் நிறையப் பேர் போட்டி போடுவார்கள். இடங்கள் குறைவு. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும். வயது வரம்பும் உண்டு. ஆகவே "பிறகு பார்க்கலாம்" என்று பல ஆண்டுகள் தள்ளிப் போட முடியாது. இடம் கிடைக்கவில்லை என்றால் மகள் அறிவு குறைந்தவள் என்றும் பொருள் இல்லை.

6. முடிவு

அத்தை வீட்டுக்கு வந்தார். "பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா?" என்று கேட்டார்.

"தூரம் எனக்கும் பயம்தான் அண்ணி. அதனால்தான் விடுதி எங்கே, யார் பொறுப்பு, வருஷத்துக்கு எத்தனை தடவை வரலாம் என்று எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பயம் இருந்தால் விசாரிக்கணும். விசாரிக்காமல் வேண்டாம் என்று சொல்லக் கூடாது" என்றார் அம்மா.

குடும்பம் இப்படி முடிவு செய்தது:

மகள் நுழைவுத் தேர்வு எழுதுவாள். தீவிலுள்ள படிப்புக்கும் விண்ணப்பம் போடுவாள். உதவித் தொகை எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் கடன் பத்திரத்தில் கையெழுத்து. வெளியூர் போனாலும் விடுமுறையில் பட்டறையில் வேலை செய்வாள். எங்கும் இடம் கிடைக்காவிட்டால் அப்பாவிடம் தொழில் கற்றுக்கொண்டே மறு ஆண்டு ஒரு முறை முயற்சி செய்வாள்.

அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்.

"நீ அங்கே கற்றதை எனக்குச் சொல்லித் தரணும். மரத்தின் நார் எந்தப் பக்கம் போகும் என்பதை மறக்கக் கூடாது."

விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு இடம் இருந்தது. அப்பா பேனாவை அம்மாவிடம் நீட்டினார். அம்மா முதலில் விண்ணப்பம் முழுவதையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசித் தேதியை நோட்டில் குறித்துக் கொண்டார். அதன் பிறகு தன் பெயரை எழுதினார்.

யோசிப்போம், பேசுவோம்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளை எடுங்கள். முறம், அரிவாள்மனை, கூடை எதுவானாலும் சரி. அது ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது?

2. அப்பாவுக்கு ஏன் மனம் வருந்தியது? அவர் மனம் எதனால் மாறியது?

3. கல்விக் கடன் வாங்கும் முன் வங்கியில் என்னென்ன கேட்க வேண்டும்? மூன்று கேள்விகள் எழுதுங்கள்.

4. உங்கள் ஊரில் கைத்தொழில் தெரிந்தவர் யார்? அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்? அவர்களோடு பேசிப் பாருங்கள்.

5. அம்மா எழுதிய நான்கு கேள்விகளும் வேறு படிப்புகளுக்குப் பொருந்துமா? உங்கள் பிள்ளைக்காக நீங்கள் ஐந்தாவதாக என்ன கேள்வி எழுதுவீர்கள்?