இரண்டாவது வரியை எடுத்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

அச்சுக்குக் கொடுக்கும் முன் நீ அனுப்பிய விளம்பர அட்டையைப் பார்த்தேன். ‘பத்துமலை, செலாயாங் வட்டாரத்தில் கம்பியூட்டர் பூட்டித் தரப்படும்’ என்ற முதல் வரி அப்படியே இருக்கட்டும். ‘பழைய கம்பியூட்டரை ஓவர்கிளாக் செய்து புதிது போலாக்கித் தருகிறோம், 150 வெள்ளி’ என்ற இரண்டாவது வரியை எடுத்துவிடு. உன் சொந்தப் பெட்டியில் ஓவர்கிளாக் செய்வதை, அதாவது எழுதிய வேகத்துக்கு மேல் சிப்பை ஓட்டுவதை, நான் தடுக்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவன் ஒரு முறையாவது அதைச் செய்து பார்த்திருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் பெட்டியில் செய்வதுதான் வேறு விவகாரம்.

இந்த மோகம் சும்மா வந்ததில்லை. 1998 ஆகஸ்டில் இன்டெல் ‘செலரான் 300ஏ’ என்ற மலிவு சிப்பை வெளியிட்டது. அடுத்த சில நாட்களிலேயே, செப்டம்பர் 2ஆம் தேதி, மலேசிய அரசாங்கம் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிப்போட்டது. ஊரே காசை எண்ணி எண்ணிச் செலவழித்த நேரம். கம்பியூட்டர் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசா அடுத்த ஆண்டுதான் திறந்தது. அப்போது சாமான் வாங்க இம்பி பிளாசாவுக்குத்தான் போவோம். அந்தச் செலரானின் பெருக்கெண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. மதர்போர்டு தருவது 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கினால் ஏறக்குறைய 300. போர்டில் அதை 100 ஆக்கினால் 450. பலருக்கு வோல்டேஜைத் தொடாமலே ஓடியது. அதே மாதம் வெளிவந்த பென்டியம் 2-இன் உச்ச மாடலும் 450தான், விலையோ நான்கு மடங்குக்கு மேல். ஏழைக்குக் கிடைத்த ஐம்பது விழுக்காட்டு லாபம் அது. யாருக்குத்தான் ஆசை வராது?

அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்பது நம் நாட்டுக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பினாங்கு பாயான் லெப்பாஸில் இன்டெல் 1972-இல் தொழிற்சாலை போட்டது. அமெரிக்காவுக்கு வெளியே அவர்கள் வைத்த முதல் தொழிற்சாலை அது. சிலிக்கான் வேறு நாடுகளில் தயாராகும். பினாங்கிலும் கூலிமிலும் அதை உறையில் பூட்டி, சோதித்து அனுப்புவார்கள். எந்த வேகத்துக்கு எத்தனை வோல்டேஜ் கேட்கிறது என்று பார்த்துத் தரம் பிரிப்பது இந்தச் சோதனை வேலையின் ஒரு பகுதி. உண்மையான எல்லைக்குச் சற்றுக் கீழேதான் வேகத்தை எழுதுவார்கள். தூசி அடைத்த பெட்டியில், வெயிலில் கொதிக்கும் அறையில், சில வருடம் தேய்ந்த பிறகும் அது ஓட வேண்டுமே. ஓவர்கிளாக் செய்கிறவன் அந்த இடைவெளியைத்தான் எடுத்துச் செலவழிக்கிறான். 1998-இல் சந்தைக்கு மலிவுச் சிப் தேவைப்பட்டது. 450 ஓடக்கூடியதையும் 300 என்று எழுதி விற்றார்கள். அதனால் இடைவெளி கடல் அளவு இருந்தது.

இன்டெல் சிப்பின் உலோக மூடியில் ‘மலாய்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பாய். நம் ஊர்ச் சிப் கோஸ்டா ரிக்கா சிப்பைவிட நன்றாக ஓடும் என்று உலகம் முழுக்க வாதாடியிருக்கிறார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பொறிப்பு, சிப் எங்கே பூட்டிச் சோதிக்கப்பட்டது என்பதை மட்டும்தான் சொல்கிறது. எவ்வளவு தாங்கும் என்பது சிலிக்கான் வார்த்த இடத்திலேயே தீர்ந்துபோன கணக்கு. இதைச் சொல்லி வாடிக்கையாளரிடம் விலை ஏற்றாதே.

இப்போது அந்த இடைவெளி எங்கே போயிற்று? தொழிற்சாலையே எடுத்துக்கொண்டது. இன்டெல் 2008-இல் கொண்டுவந்த டர்போ பூஸ்ட், 2017-இல் ரைசனோடு வந்த ஏஎம்டியின் பிரிசிஷன் பூஸ்ட் இரண்டும் சூட்டையும் மின்சாரத்தையும் நொடிக்குள் பலமுறை அளந்து, முடிந்தவரை வேகத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். கோர் ஐ9-14900கே பெட்டியைப் பிரித்துப் போட்டதுமே ஓரிரு கோர்களில் 6 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. அதற்கு மேல் நீ கையால் ஐந்து விழுக்காடு பிழிந்தால் பெரிய விஷயம். திரவ ஹீலியம் ஊற்றி 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய படங்களைக் காட்டுவார்கள். அது சில நொடிச் சாதனை. ரசிக்கலாம், பத்துமலையில் ஒரு வீட்டு மேசைக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அந்தச் சில விழுக்காட்டுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார். சிப் விழுங்கும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு வர்க்கமாக ஏறும். 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கி, வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால், சூடு ஏறக்குறைய 39 விழுக்காடு கூடும். அதைக் கூலர் வெளியே தள்ள வேண்டும். ஏர்கோன் போட்டிருந்தால் அதுவும் இன்னொரு முறை வெளியே தள்ள வேண்டும். டிஎன்பி மின்சாரப் பில்லில் இரண்டு வேலைக்கும் காசு எழுதியிருக்கும்.

நம் சீதோஷ்ணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. யூடியூப்பில் சோதித்துக் காட்டுகிறவர் 21, 22 டிகிரி அறையில் உட்கார்ந்திருப்பார். கூலர் செய்வதெல்லாம், அறையின் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்று சிப்பைப் பிடித்து வைப்பதுதான். அவருக்கு 82 டிகிரி காட்டினால், பிற்பகல் 32 டிகிரியில் உன் மாடி அறையில் அதே கூலர், அதே சிப் 92-ஐத் தொடும். பெரும்பாலான இன்டெல் சிப்கள் 100 டிகிரியில் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 7000 வகையில் பல 95-லேயே நின்றுவிடும். காசு கொடுத்து ஏற்றிய வேகம் மதியம் இரண்டு மணிக்குக் காணாமல் போகும். இரவில் நீ சோதித்துப் பார்த்து ‘சரி’ என்று ஒப்படைத்தது, பகலில் அவர் வீட்டில் தொங்கி நிற்கும்.

நம் ஆட்கள் கம்பியூட்டரை வைக்கும் இடமும் இருக்கிறது. பல வீடுகளில் சாமி மேடைக்குப் பக்கத்து மேசைதான். கேசிங்கைத் திறந்தால் சாம்பிராணிப் புகையும் விளக்குக் கரியும் தூசியோடு ஒட்டி, கூலரின் தகடுகளுக்கு இடையே அடை அடையாகப் படிந்திருக்கும். ஊதினால் போகாது, பிரஷால் சுரண்ட வேண்டும். அடியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிரும். அதைத் துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்தாலே சில பெட்டிகளில் பத்து, பதினைந்து டிகிரி இறங்கும். டர்போ தானாகவே மேலே ஏறும். எந்த வாரண்டியும் போகாமல் நீ கொடுக்கக்கூடிய வேகம் இதுதான்.

வாரண்டி என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில சாக்கெட்டோடு கருகிய படங்கள் வெளிவந்தன. ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போவைப் போட்டதும் சில போர்டுகள் சிப்பின் எஸ்ஓசி பகுதிக்குப் போகும் வோல்டேஜை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டன. பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் கட்டியது. ரேமில் எக்ஸ்போ, எக்ஸ்எம்பி போடுவதும் ஓவர்கிளாக் கணக்கில்தான் வரும், மறந்துவிடாதே. 2024-இல் இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சிப்கள் விளையாட்டின் நடுவில் விழுவது பெரிய பேச்சானது. அவற்றில் பலவற்றை யாரும் ஓவர்கிளாக் செய்யவே இல்லை. சிப்பே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத் தேய்த்துக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு திருத்தம் வந்தது, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்தத் திருத்தமும் மீட்காது. தொழிற்சாலைக்காரனே வோல்டேஜில் தடுக்கி விழுந்திருக்கும்போது, 150 வெள்ளிக்கு நீ எதற்கு உத்தரவாதம் கொடுப்பாய்?

சிப் கருகிப்போவதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. கருகினால் கண்ணுக்குத் தெரியும். ஓடிக்கொண்டே தப்புச் செய்வதுதான் பயம். கிள்ளானில் கல்யாணம், கோயில் திருவிழா வீடியோ எடுக்கும் ஒருவர் தம் பெட்டியைப் பிரிக்பீல்ட்ஸில் என்னிடம் கொண்டுவந்தார். வேறு ஒரு கடையில் வேகம் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். விண்டோஸ் நன்றாக ஓடியது, விளையாட்டும் ஓடியது. ஆனால் கேமரா கார்டிலிருந்து வட்டுக்கு நகல் எடுத்த கல்யாணக் கோப்புகளில் சில திறக்கவில்லை, சிலவற்றில் பச்சைக் கட்டங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டேன், அரை மணி நேரத்துக்குள் சிவப்பு வரிகள். ரேம் வேகத்தை இறக்கியதும் பெட்டி சரியாகிவிட்டது. கார்டை அவர் அடுத்த நிகழ்ச்சிக்காக அழித்துவிட்டிருந்தார். பெண் வீட்டாருக்கு அவர் என்ன பதில் சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

நீ கற்றுக்கொள்வதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஐ5-2500கே ஒன்றும் பி67 அல்லது இசட்68 போர்டு ஒன்றும் பழைய சாமான் கடையில் தேடு. 2011-இல் வந்த சிப். 3.3 கிகாஹெர்ட்ஸில் பிறந்தது, காற்றுக் கூலரிலேயே 4.4 வரை பெரும்பாலும் போகும். பெருக்கெண்ணை ஒவ்வொரு படியாக ஏற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை நோட்டில் எழுது. வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விடாதே, போர்டு கண்மண் தெரியாமல் அள்ளிக் கொடுக்கும். 1.35-க்கு மேல் போகாதே. பிரைம்95 ஓட்டு. பெரிய பகா எண்களைத் தேட 1996-இல் எழுதப்பட்ட நிரல் அது. தன் கணக்கைத் தானே சரிபார்ப்பதால் சிப் பொய் சொன்னால் பிடித்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு, ஏர்கோன் இல்லாமல் ஓட்டு. திரை இருண்டு பெட்டி எழாவிட்டால் பதறாதே, மின்சாரத்தை எடுத்துவிட்டு சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டு.

பிறகு புதுச் சிப் ஒன்றில் எதிர்த்திசையில் போய்ப் பார். வேகத்தை அப்படியே விட்டு வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. சூடு இறங்கும், விசிறிச் சத்தம் அடங்கும், சில சமயம் டர்போ இன்னும் நேரம் தாக்குப்பிடிக்கும். என்னைக் கேட்டால், நம் வெயிலுக்கு இதுதான் உண்மையான ஓவர்கிளாக். ஒரு எச்சரிக்கை: ரைசனில் அளவுக்கு மீறி இறக்கினால் திரையில் கிகாஹெர்ட்ஸ் அப்படியே காட்டும், வேலை மட்டும் மெதுவாகும். எண்ணைப் பார்க்காமல், ஒரு பத்து நிமிட வீடியோவை ரெண்டர் செய்ய எத்தனை நேரம் பிடிக்கிறது என்று பார். இதுவும் உன் பெட்டியில் மட்டும். வாடிக்கையாளர் கெஞ்சிக் கேட்டால் செய்து காட்டு, பயாஸில் மாற்றியதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு, பழைய நிலைக்குத் திருப்பும் விதத்தையும் எழுதிக் கொடு.

அட்டையின் இரண்டாவது வரிக்கு இதைப் போட்டுக்கொள்: ‘தூசி எடுத்து, பேஸ்ட் மாற்றி, பயாஸ் புதுப்பித்துத் தரப்படும், 80 வெள்ளி’. வன்வட்டு வைத்திருப்பவருக்கு எஸ்எஸ்டி மாற்றிக் கொடுத்தால் தனிக் காசு. அதைவிட வேகம் நீ வேறு எதிலும் கொடுக்க முடியாது. தைப்பூசத்துக்கு முன் அச்சடித்துவிடு. அந்த வாரம் உங்கள் பக்கம் சாலையை அடைத்துவிடுவார்கள், அச்சகத்துக்காரர் சாமான் கொண்டுவர மாட்டார்.

2500கே கிடைத்தால் சனிக்கிழமை கொண்டு வா. நல்ல கூலர் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது.

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்