நூறு யூரோவுக்கு மின்சைக்கிள்?

நம்பிக்கை: இணைய ஏலத்தில் தளத்தின் விதிதான் எல்லாம். விற்பவர் தன் பங்குக்கு எழுதிவைக்கும் நிபந்தனை செல்லாது.

உண்மை: ஜெர்மனியில் ஒருவர் இதை நம்பி வழக்குக்கே போனார். ஈபேயில் ஒரு புது மின்சைக்கிளுக்கு ‘உடனே வாங்கு’ விலையாக 100 யூரோ போட்டிருந்தது. ஆனால் தலைப்பிலேயே ‘விலை 2,600 யூரோ, விவரத்தைப் படிக்கவும்’ என்றும் இருந்தது. தளம் பிடிக்கும் கட்டணம் அதிகம், அதனால்தான் 100 என்று பதிந்தேன், வாங்குபவர் 2,600 தர ஒப்புக்கொள்கிறார் என்று கீழே விளக்கம் வேறு. கட்டணத்தை ஏய்க்கும் வேலைதான், சந்தேகமில்லை. பொத்தானை அழுத்தியவரோ அனுப்புச் செலவோடு 139.90 யூரோவுக்குச் சைக்கிளைக் கேட்டார்.

2017 பிப்ரவரியில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், அந்த விலைக்கு விற்பவர் தர வேண்டியதில்லை என்றது. தளத்தின் விதிகளுக்கு விற்பவரும் வாங்குபவரும் தனித்தனியே தளத்திடம்தான் சம்மதம் சொல்கிறார்கள். இருவருக்குள் நடந்த பேரத்தில் குழப்பம் வந்தால் பொருள்கொள்ள அந்த விதிகள் உதவும். தெளிவாக எழுதிய சொல்லை அவை அழிப்பதில்லை. ஏய்த்தவர் மீது தளம் நடவடிக்கை எடுக்கலாம். அது தளத்தின் பாடு.

நம்பிக்கை: அப்படியானால் விற்பவர் எழுதியதுதான் சட்டம்.

உண்மை: அதுவும் இல்லை. ‘எந்தக் குறைக்கும் பொறுப்பல்ல’ என்று போட்டு ஒருவர் படகு விற்றார். அதே அறிவிப்பில், நீர்வழிப் பயணத்துக்கு ஏற்றது என்றும் எழுதியிருந்தார். படகோ உளுத்துப்போயிருந்தது. பயணத்துக்கு ஏற்றது என்று தானே வாக்குக் கொடுத்தபின் பொறுப்பில்லை என்பது எடுபடாது என்று 2012இல் அதே நீதிமன்றம் சொன்னது.

வியாபாரிகள் எழுதும் ‘ஏலத்தில் எடுத்ததைத் திருப்ப முடியாது’ இன்னும் பலவீனம். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று ஆள் நின்று முடித்துவைப்பதுதான் அந்நாட்டுச் சட்டத்தில் ஏலம். நேரம் தீர்ந்து தானாக முடிவது சாதாரண விற்பனைதான் என்று 2004லேயே தீர்ப்பாகிவிட்டது. அதனால் நுகர்வோருக்கு, இப்போதைய கணக்கில் 14 நாளுக்குள், வாங்கியதைத் திருப்பும் உரிமை உண்டு. தனியாளிடம் வாங்கினால் அந்த உரிமை கிடையாது.

நம்பிக்கை: ஏலம் முடியும்வரை விற்பவர் மனம் மாறலாம்.

உண்மை: ஒருவர் தன் பசாட் காரை 1 யூரோ தொடக்க விலைக்கு ஏலம் விட்டார். வெளியே நல்ல விலை வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். அதற்குள் கேட்டிருந்தது ஒரே ஒருவர்தான், அதுவும் அந்த 1 யூரோவுக்கு. 2014இல் விற்பவர் அவருக்கு இழப்பீடாகக் கொடுக்க வேண்டியதாயிற்று: 5,249 யூரோ.