5400-ஆ, 7200-ஆ? வன்தட்டு வாங்குமுன் ஒரு கணக்கு

மாணவர்களே, சென்ற ஆண்டு என் படிவம் 5 மாணவர் ஒருவர் சேமிப்புப் பணத்தில் வாங்கிய புதிய வன்தட்டைப் பெருமையாக வகுப்புக்குக் கொண்டு வந்தார். அண்ணனின் பழைய மடிக்கணினியில் வன்தட்டு பழுதாகி ‘டக் டக்’ என்று சத்தம் போட்டதாம். கடையில் 5400, 7200 என இரண்டு வகை இருந்தன. பெரிய எண்தானே நல்லது என்று 7200-ஐ எடுத்துவிட்டார். அதுவோ மேசைக் கணினிக்கான 3.5 அங்குல வன்தட்டு. அவருடைய மடிக்கணினியில் 2.5 அங்குலம்தான் நுழையும்! நல்லவேளை, கடைக்காரர் மாற்றித் தரச் சம்மதித்தார்.

சரி, அந்த எண்தான் என்ன? ஒரு நிமிடத்தில் தட்டு எத்தனை முறை சுழல்கிறது என்பதுதான், ஆர்.பி.எம். என்று அச்சிட்டிருப்பார்கள். 60-ஆல் வகுத்தால் வினாடிக்கு 90 சுற்று, 120 சுற்று. எனவே ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் முறையே 11.1 மில்லி வினாடி, 8.3 மில்லி வினாடி.

சுஷி உணவகத்தில் தட்டுகள் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குப் பிடித்த தட்டு இப்போதே முன்னால் வந்தால் அதிர்ஷ்டம். ஒரு நொடி முன்புதான் கடந்து போயிருந்தால் முழுச் சுற்றும் காத்திருக்க வேண்டும். சராசரியாக அரைச் சுற்று. வன்தட்டில் தகவலைப் படிக்கும் முனையும் இப்படித்தான் காத்திருக்கிறது: 5400-இல் சுமார் 5.6, 7200-இல் சுமார் 4.2 மில்லி வினாடி.

அப்படியென்றால் 7200 மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடியதா? அவசரப்படாதீர்கள். சுழலும் தட்டுக்கு மேல், முனையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகரவும் நேரம் ஆகிறது. மடிக்கணினி வன்தட்டில் அது ஏறக்குறைய 12 மில்லி வினாடி. இரண்டிலும் கை ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால் மொத்தக் காத்திருப்பு 17.6-உம் 16.2-உம். மிச்சம் வெறும் 8 விழுக்காடு! கணினி 10,000 சிறு கோப்புகளை இங்குமங்கும் தேடினால் 176 வினாடிக்குப் பதில் 162 வினாடி. பெட்டியில் பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் 14 வினாடியாகச் சுருங்கிவிட்டது.

நீளமான காணொளியை நகலெடுக்கும்போது கதை வேறு. கை அதிகம் அலையாது. தகவல் தொடர்ச்சியாக வரும். அங்கே சுழற்சி வேகத்தோடு, தட்டில் தகவல் எவ்வளவு நெருக்கமாகப் பதிந்திருக்கிறது என்பதும் சேர்கிறது. அதனால் புதிய 5400 ஒன்று பழைய 7200-ஐ முந்திவிடவும் கூடும். 7200 காற்றைக் கிழித்துச் சுழல அதிக மின்சாரமும் கேட்கும், சூடும் கூடும். காற்றோட்டமுள்ள மேசைக் கணினிக்கு அது பரவாயில்லை. படங்களைச் சேமித்து வைக்கும் வெளிப்புற வன்தட்டுக்கு 5400 போதும் என்பது என் கருத்து.

மடிக்கணினிக்கு? இரண்டும் வேண்டாம் என்பேன். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே இல்லை, நகரும் கையும் இல்லை. ஒரு தேடலுக்கு ஏறக்குறைய 0.1 மில்லி வினாடி. அதே 10,000 தேடல் ஒரு வினாடியில் முடிந்துவிடும். அதே விலைக்குக் கொள்ளளவு குறைவாகக் கிடைக்கும், அவ்வளவுதான். என் மாணவரும் கடைசியில் அதைத்தான் மாற்றி வாங்கினார். 2.5 அங்குலத்திலேயே 7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என இரு தடிமன்கள் உண்டு. பழையதைக் கழற்றி அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அவருடைய இடுபணிக் கோப்புகளில் பாதியை மட்டும் மீட்க முடியவில்லை. ‘டக் டக்’ சத்தம் கேட்ட பிறகும் மூன்று நாள் விளையாடியிருக்கிறார். முனை தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. அது தடுமாறி உரசினால் கீறல் விழும் இடத்திலுள்ள தகவல் போய்விடும். சத்தம் கேட்டால் முக்கியமான கோப்புகளை உடனே நகலெடுங்கள். பிறகு கணினியை அணைத்து வையுங்கள்.

பயிற்சி: 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்தட்டு நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றது. அதன் சராசரிச் சுழற்சிக் காத்திருப்பு எவ்வளவு? (விடை: 25 மில்லி வினாடி)