பழைய டீசல் வேனை மின் வண்டியாக்கலாமா?

எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டார் பொருத்தினால் டீசல் செலவு மிச்சம் என்று எண்ணுகிற உழவர்கள் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

96 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரித் தொகுப்பில் சுமார் 19 யூனிட் மின்சாரம் அடங்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கை, அதாவது 15 யூனிட்டை மட்டும் செலவழிப்பது நல்லது. பாரத்துடன் கிலோமீட்டருக்குக் கால் யூனிட் என்றால் 60 கிலோமீட்டர் ஓடும். நெட்டுக்குப்பத்திலிருந்து மீன் ஏற்றக் காசிமேடு போய்வர இது தாராளம். பொன்னேரியிலிருந்து காய்கறியுடன் கோயம்பேடு போய்வர இதை நம்பக்கூடாது.

இதே அளவு ஈய-அமில பேட்டரி ஏறத்தாழ அரை டன் கனக்கும். ஒரு டன் வேனில் பாதிப் பாரம் அதற்கே போய்விடும். லிதியம் இரும்பு பாஸ்பேட் மூன்றில் ஒரு பங்கு எடைதான், ஆனால் விலை கூடுதல்.

பலர் மறப்பது பிரேக். பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை எஞ்சின் ஓட்டும் பம்பு தருகிறது. எஞ்சின் போனால் பெடல் கல்லாகிவிடும். தனி மின் பம்பு அவசியம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதியில் வெள்ளம் புகுந்தது. எனவே பேட்டரிப் பெட்டியை உயரத்தில், நீர் புகாதபடி அமைக்க வேண்டும். உப்புக்காற்றில் முனைகள் பூஞ்சும், அடிக்கடி பாருங்கள். ஆனால் 96 வோல்ட் உயிரைக் குடிக்கும். இணைப்பைத் துண்டிக்காமல் கை வைக்காதீர்கள்.

வீட்டிலேயே தாமாக மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற சாதனத்தை, அனுமதி பெற்றவரிடம் பொருத்தி, பதிவுச் சான்றிலும் திருத்தம் செய்துகொள்ள வேண்டும்.

பம்புசெட்டு இலவச மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றக்கூடாது. வீட்டு இணைப்பில், 15 ஆம்பியர் பிளக்கில், ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும்.