மதுரைச் சௌராட்டிரர்

மதுரை மாநகரில் திருமலை நாயக்கர் மகாலைச் சூழ்ந்துள்ள தெருக்களில் நடந்து செல்வோர், தமிழும் தெலுங்கும் அல்லாத ஒரு மொழியைச் செவியுறுவர். நீரைப் ‘பானி’ என வழங்கும் அம்மொழியின் பெயர் சௌராட்டிரம். அதனைத் தாய்மொழியாகக் கொண்ட மக்களும் அப்பெயராலேயே சௌராட்டிரர் எனப்படுவர். பட்டு நெய்தலே அவர்தம் பழந்தொழில் ஆதலின், பட்டுநூற்காரர் என்று ஊரார் அவர்களை அழைத்தனர். மதுரையில் மட்டுமன்றிப் பரமக்குடி, திண்டுக்கல், கும்பகோணம், சேலம் முதலிய ஊர்களிலும் இவர்கள் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர்.

இவர்கள் முன்னோர் கூர்ச்சர நாட்டின் சௌராட்டிரப் பகுதியினின்றும் புறப்பட்டுத் தேவகிரியிலும், பின்னர் விசயநகரத்திலும் தங்கி, இறுதியில் வையைக் கரையை அடைந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. திருமண உறுதி செய்யுங்கால், இரு வீட்டாரும் வினாவும் விடையுமாக இப்பயணக் கதையை உரைக்கும் வழக்கம் இவர்களிடையே இருந்தது. ஏட்டில் எழுதி வைக்காத வரலாற்றை மணவீட்டில் வாயால் ஓதிக் காத்த இம்முறை வியக்கத்தக்கது.

மாளவத்து மந்தசோரில் கி.பி. 473-ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டு ஒன்று உளது. இலாட நாட்டினின்றும் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் கூட்டத்தார் அவ்வூரில் 437-இல் ஞாயிற்றுக்குக் கோயில் எடுத்தமையையும், பின் அதனைப் புதுப்பித்தமையையும் அது கூறுகின்றது. அவருட் சிலர் நெசவை விடுத்து வில்வித்தையிலும் சோதிடத்திலும் கதை கூறுதலிலும் தேர்ந்தனராம். அந்நெசவாளரே மதுரைச் சௌராட்டிரரின் முன்னோர் என்பார் பலர். அது பொருத்தமாகத் தோன்றினும், இடையிலுள்ள நூற்றாண்டுகளை இணைக்கும் சான்று வலிமையுடையதன்று. நாயக்கர் ஆட்சிக் காலத்தில் இவர்கள் மதுரையில் நிலைபெற்றிருந்தனர் என்பதோ உறுதி. திருமலை நாயக்கர் (1623–1659) இவர்களை ஆதரித்தார் என்ப.

மதுரைச் சுங்குடிச் சேலை இவர்தம் கைத்திறனுக்குச் சான்று. வெண்மையாக்கிய பருத்தித் துணியை மடித்துப் புள்ளியிட்டு, ஒவ்வொரு புள்ளியையும் விரல் நகத்தாற் கிள்ளி எடுத்து, நூலால் இறுக முடிச்சிடுவர். இவ்வாறு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் இட்டபின் துணியைச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சினுள் சாயம் புகாது. காய்ந்தபின் முடிச்சுகளை அவிழ்த்தால் சிறு சிறு வெண்புள்ளிகள் வானத்து மீன்போல் விளங்கும். முடிச்சிடும் பணி பெரும்பாலும் வீட்டுப் பெண்டிருடையது. ஒரு சேலைக்கு நாள் பல செல்லும், கூலியோ சிறிது. ஆகவே மெழுகும் அச்சுக் கட்டையும் கொண்டு புள்ளியிடும் முறை மேலோங்கியது. 2005-ஆம் ஆண்டில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆயினும் கையால் முடிச்சிடுவோர் தொகை அருகி விட்டது. அச்சிட்ட புள்ளியைத் தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்கும். கையால் முடிந்த புள்ளியிலோ துணி சற்றே மேலெழுந்து விரலில் தட்டும். அறிந்தோர் இதனைக் கொண்டே இரண்டையும் வேறு பிரிப்பர்.

இனி, இம்மக்களிடையே தோன்றிய பெரியோர் சிலரைக் காண்போம்.

தஞ்சையை அடுத்த அய்யம்பேட்டையில் 1781-இல் பிறந்தவர் வேங்கடரமண பாகவதர். இவர் திருவையாற்றுத் தியாகராசரிடம் பல்லாண்டு இசை பயின்றார். நாடோறும் அய்யம்பேட்டையினின்றும் துளசி பறித்துக்கொண்டு ஆசிரியர் இல்லத்திற்கு நடந்து செல்வார் என்பர். பிற்காலத்தில் வாலாசாபேட்டையில் வாழ்ந்து 1874-இல் மறைந்தார். தியாகராசரின் கீர்த்தனைகளையும் வாழ்க்கைச் செய்திகளையும் இவரும் இவர் குடும்பத்தாரும் ஏட்டில் எழுதி வைத்தனர். அவ்வேடுகள் மதுரைச் சௌராட்டிர சபையில் பாதுகாக்கப்பெற்றன. இன்று மேடைகளில் பாடப்பெறும் தியாகராசர் பாடல்கள் பலவற்றின் வடிவை ஆராய்வோர் அவ்வேடுகளையே நாடுகின்றனர். இயற்றினவர் புகழ் உலகறிந்தது. எழுதிக் காத்தவர் பெயரையோ பாடுவோருட் பலர் அறியார்.

மதுரையிலே 1843-இல் தோன்றியவர் நடனகோபால நாயகி சுவாமிகள். இளமையில் நெசவிற் பொருந்தாது உள்ளம் அலைந்த இவர், பரமக்குடியில் நாகலிங்க அடிகளிடம் யோகம் பயின்றார். பின் ஆழ்வார்திருநகரி சென்று வைணவ நெறியில் நின்றார். இறைவனைத் தலைவனாகவும் தம்மைத் தலைவியாகவும் கொண்டு, பெண்ணுடை பூண்டு, தெருவெல்லாம் பாடித் திரிந்தார். ஆழ்வார்களும் இந்நிலை நின்று பாடியுள்ளனர். ஆனால் உடையாலும் நடையாலும் அதனை வாழ்ந்து காட்டிய இவரை அக்காலத்தார் சிலர் எள்ளவும் செய்தனர். சௌராட்டிர மொழியிலும் தமிழிலும் இவர் பாடிய பாடல்கள் பல. கற்றோர்க்கன்றித் தறிக்குழியில் இருப்போர்க்கும் விளங்குமாறு பாடியமையால், நூலிழைக்கும் பெண்டிர் வாயில் அவை நிலைத்தன. 1914-ஆம் ஆண்டு வைகுந்த ஏகாதசியன்று மறைந்த இவரது சமாதி, அழகர்கோயிற் சாலையில் காதக்கிணற்றில் உள்ளது.

‘மதுரை காந்தி’ எனப்பெற்ற என். எம். ஆர். சுப்பராமன் (1905–1983) விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1939-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலில் நிகழ்ந்த ஆலய நுழைவிற்குத் துணை நின்றவர்களுள் ஒருவர். கும்பகோணத்தில் பிறந்த எம். வி. வெங்கட்ராம் (1920–2000) பட்டு வாணிகமும் எழுத்துமாக வாழ்ந்தார். தம் குலத்து நெசவாளர் வாழ்வை ‘வேள்வித்தீ’ என்னும் புதினத்தில் வரைந்தார்; ‘காதுகள்’ என்னும் புதினத்திற்கு 1993-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். மதுரையில் பிறந்து 2013-இல் மறைந்த பாடகர் டி. எம். சௌந்தரராசனை அறியாதார் யார்? தமிழின் லகர ளகர ழகரங்களை எவ்வாறு ஒலித்தல் வேண்டும் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டாக நிற்பது, வீட்டில் வேறு மொழி பேசி வளர்ந்த அவருடைய குரல்.

இத்தகையோரைத் தந்த மொழியின் நிலை யாது? நடு ஆசியாவில் உசுபெக்கு மக்கள் என்போர் உளர். அவர்தம் இலக்கியத் தந்தையெனப் போற்றப்படும் அலிசேர் நவாயி (1441–1501) வாழ்ந்த காலத்தில், கற்றோர் பெரும்பாலும் பாரசீகத்திலேயே பாடினர்; துருக்கியம் வீட்டுமொழி என எள்ளப்பட்டது. நவாயி அம்மொழியிலேயே காவியங்கள் இயற்றியதோடு, 1499-இல் இரு மொழிகளையும் சீர்தூக்கி நூலொன்றும் எழுதினார். அந்நாட்டு அந்திசானில் பிறந்த பாபரும் தம் வரலாற்றை அம்மொழியிலேயே எழுதினார். அவர்கட்கு அரசு இருந்தது, அரசவையும் இருந்தது. சௌராட்டிரர்க்கோ தறி ஒன்றே இருந்தது.

சௌராட்டிரத்தைத் தமிழெழுத்தில் எழுதப் புகின், ககரம் ஒன்றே நான்கு ஒலிகட்கு நிற்றல் வேண்டும். இவ்விடர் நீங்கத் தொ. மு. இராமராய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சௌராட்டிர எழுத்தைச் செப்பஞ் செய்து பாடநூல்கள் அச்சிட்டார். ஆயினும் தமிழெழுத்தா, தேவநாகரியா, தம் எழுத்தா என்னும் வழக்கு அவர்களிடையே ஓயவில்லை. 2008-இல் கணிப்பொறி எழுத்துக் குறியீட்டு முறையாகிய யுனிகோடில் சௌராட்டிர எழுத்தும் இடம் பெற்றது. 2011 கணக்கெடுப்பின்படி அம்மொழியைத் தாய்மொழியெனக் கூறியோர் ஏறத்தாழ 2,47,000 பேர். அவ்வெழுத்தைப் படிக்க வல்லாரோ மிகச் சிலர். பேரர்கள் பாட்டியின் சொல் விளங்கியும் தமிழிலேயே விடை கூறும் வீடுகள் பல.

சங்கு ராம் என்னும் புலவர் திருக்குறளைச் சௌராட்டிரச் செய்யுளாக ஆக்கினார். மதுரைப் பல்கலைக்கழகம் அதனை 1980-இல் வெளியிட்டது.